நாலு வியாதி, ஒரே உடம்பு

சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு இன்னொருவர், தைராய்டுக்கு டவுனில் ஒரு கிளினிக், முட்டி வலிக்குத் தெருமுனை மெடிக்கல். ஐம்பதைத் தாண்டிய பலருடைய மருத்துவம் இப்படித்தான் நாலு திசையில் நடக்கிறது. எழுதிக் கொடுப்பவர் ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சரியாகவே எழுதுகிறார். ஆனால் நாலு சீட்டு மாத்திரைகளும் ஒரே வயிற்றுக்குள் போகின்றன, பெரும்பாலும் ஒரே ஜோடிச் சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. மொத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது யார் என்று கேட்டால் பதில் வராது. தனித்தனி நோய்களைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் சொல்லியாயிற்று. அவை ஒரே ஆளிடம் கூடும்போது வரும் சிக்கலை இங்கே பார்ப்போம்.

2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைக் கணக்கெடுக்க நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், 18 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரையும் இருந்தது தெரிந்தது. அதைவிடக் கவலையான கணக்கு ஒன்று உண்டு. அந்த ரத்த அழுத்தக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரைக்காரர்களில் 10.8 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் மருந்துகளை மொத்தமாக வாங்கி ஊர் ஊராக அனுப்ப 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய மாநிலம் இது. மருந்துக்குப் பஞ்சமில்லை. அது ஆளிடம் போய்ச் சேர்ந்து, அவருடைய பிழைப்போடு பொருந்தி, மாதக்கணக்கில் நிற்கிறதா என்பதில்தான் கோளாறு.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. அதே மாவட்டத்து ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. அந்தப் பக்கத்துத் தெருக்களில் ராகி விதைக்கிறவரும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பல்லடம், அவிநாசி எல்லாம் இதே கதைதான். கிராமத்து நர்சம்மாவின் கணக்கிலும் வராமல், நகரத்து ஆஸ்பத்திரியின் வசதியும் எட்டாமல் இடையில் நிற்கிறவர்களை நினைத்துத்தான் இந்த அத்தியாயம்.

தலைமை இடம் ஒன்று

முதல் வேலை, உங்களைப் பார்க்கும் இடங்களில் ஒன்றைத் தலைமை இடமாக வைத்துக்கொள்வது. மற்ற இடங்களுக்குப் போகவே கூடாது என்பதில்லை. கண்ணுக்குப் போங்கள், இதயத்துக்குப் போங்கள். ஆனால் எங்கே எது எழுதினாலும் அந்தச் சீட்டு தலைமை இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அங்கிருப்பவருக்கு உங்கள் முழுப் பட்டியலும் தெரிந்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பலருக்கும் பொருத்தமான தலைமை இடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்தான். பெரிய டாக்டர் இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெரிய டாக்டர் ஒரு உறுப்பில் பெரியவர். நமக்கு இங்கே தேவைப்படுவது மொத்த ஆளையும் மாதாமாதம் பார்க்கிற ஒருவர். அங்கே தொற்றா நோய்களுக்கென்று தனி நர்ஸ் இருப்பார், நோட்டுப் போட்டுக் கொடுப்பார், பிரஷர் பார்த்து எழுதுவார். நகரத்து ஓரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற நல்வாழ்வு மையத்தை விசாரியுங்கள். காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் என்ற நேரக் கணக்கில் தொடங்கப்பட்டவை அவை. ஒரு நாள் கூலியை விடாமல் மருந்து வாங்க அந்த மாலை நேரம் பெரிய உதவி.

மகன் வேலை பார்க்கிற ஊருக்குக் குடி வந்த பெற்றோர், “எங்க ரேஷன் கார்டு தர்மபுரியில இருக்கு, இங்க கொடுப்பாங்களா?” என்று தயங்கிக்கொண்டு மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் பார்ப்பதற்குக் குடும்ப அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பது தடையில்லை. பழைய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்; போன உடனே புது ஊரில் பதிந்துகொள்ளுங்கள். ஊரைக் காலி செய்யும்போது பாத்திரம் பண்டத்தோடு இந்த நோட்டும் முதல் மூட்டையில் இருக்கட்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் நாலு விஷயம் பெரிய எழுத்தில் வேண்டும்: என்னென்ன நோய், எந்த வருஷத்திலிருந்து; இப்போது சாப்பிடும் மாத்திரைகள், அளவோடு; ஒத்துக்கொள்ளாத மருந்து எது; கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு. கடைசியில் சொன்னதைப் பலரும் எழுதுவதில்லை. எந்த மருந்தை எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்ய டாக்டர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

பையைக் கொட்டிப் பாருங்கள்

வருஷத்துக்கு இரண்டு முறையாவது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுத் தலைமை இடத்துக்குக் கொண்டுபோங்கள். அட்டையில் பாதி தீர்ந்தது, மகள் பட்டணத்திலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை, நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம், தைலம், டி.வி.யில் பார்த்து வரவழைத்த பொடி என்று எதையும் விடாமல். டாக்டரிடம் இப்படிச் சொல்லலாம்: “சார், நான் சாப்பிடுறது எல்லாம் இந்தப் பையில இருக்குங்க. எது கட்டாயம், எதை நிறுத்தலாம், எதை ஒண்ணா சேர்த்துப் போடலாம்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.” கூட்டமான நாளில் இதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். அதனால் நர்ஸிடம், “எந்தக் கிழமை கூட்டம் கம்மியா இருக்கும் சிஸ்டர்?” என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பையைக் கொட்டியதும் முதலில் அகப்படுவது இரட்டை மருந்து. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும். ஜி.எச்.சில் கொடுத்த மெட்ஃபார்மின் ஒரு அட்டை. தனியாரில் எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அதே மெட்ஃபார்மின். இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், அதன் அருகே மருந்தின் பெயரும் இருக்கும். நாம் ஒப்பிட வேண்டியது மருந்தின் பெயரை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுங்கள், விளையாட்டாகவே செய்துவிடும்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஒரு மாத்திரையின் பக்க விளைவைப் புது நோய் என்று எண்ணி, அதற்கும் ஒரு மாத்திரை வாங்குவது. பிரஷருக்குக் கொடுக்கும் எனாலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ராத்திரியில் தொண்டையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அவர் இருமல் டானிக்காக வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார். மாத்திரையை மாற்றினால் இருமல் போய்விடும். ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதைப் பார்த்துவிட்டு நீர் பிரிய மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் அவ்வளவாக வடியாது, உடம்பில் உப்பும் நீரும்தான் குறையும். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சர்க்கரையால் நரம்பு போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள். நரம்பும் காரணமாக இருக்கலாம்தான், ஆனால் பி12 குறைவு சரிசெய்யக் கூடியது, ஆகவே கேட்டுவிடுவது நல்லது. புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் முதல் கேள்வி, “இது அந்த மாத்திரையாலயா இருக்குமா?” என்பதாக இருக்கட்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் தாறுமாறாக அடிக்கும்.

மூன்றாவது, வேளை. ஒரு நாளைக்கு ஏழு தடவை மாத்திரை போட வேண்டிய ஆள் கண்டிப்பாகச் சிலதை விட்டுவிடுவார். அது அவர் குற்றமில்லை. கொழுப்பு மாத்திரை அட்டார்வாஸ்டாட்டினை ராத்திரிதான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிரஷர் மாத்திரைகள் பலவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். டாக்டரிடம், “காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளைன்னு அடக்க முடியுமா?” என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும். தைராய்டு மாத்திரை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

வலி மாத்திரை என்னும் உறவுக்காரர்

நம் ஊரில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் துணைபோகிற மூன்றாவது ஆள் வலி மாத்திரை. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் டாக்டர் சீட்டில் இல்லாமலேயே வீட்டுக்குள் வருகிற மருந்து இது.

மெடிக்கலில் போய், “உடம்பு வலி, ஒரு செட் மாத்திரை கொடுங்க” என்று கேட்பது நம் பழக்கம். அந்தச் செட்டில் வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சில இடங்களில் ஸ்டீராய்டு ஒன்று. பேர் இல்லாத சின்னக் காகிதக் கவரில் வரும். போட்டதும் சொர்க்கம்; களை எடுத்த அலுப்பும் முட்டி வலியும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். பிரஷருக்கு எனாலாப்ரில் அல்லது லோசார்டன் சாப்பிடுகிறவர், நீர் பிரியவும் ஒரு மாத்திரை எடுப்பவர், இதற்கு மேல் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையையும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை ஒடுக்கிவிடும். சித்திரை வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காத நாளில் இது நடந்தால் கேட்கவே வேண்டாம். சிறுநீரகம் கெடுவது வலிக்காது. கால் வீங்கி, பசி போய், குமட்டல் வரும்போதுதான் தெரியும்.

ஸ்டீராய்டு கலந்த செட் சுகரைத் தூக்கிவிடும். கட்டுக்குள் இருந்த சுகர் காரணம் தெரியாமல் ஏறினால், “வெளியில ஏதாவது வலிக்கு வாங்கிச் சாப்பிட்டீங்களா?” என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். பேர் ஒட்டாத டப்பாவில் வருகிற மூட்டுவலிப் பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை. போட்ட அன்றே அதிசயமாக வலி போகிறது என்றால் அந்தப் பொடியைச் சந்தேகப்படுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாத மருந்து, நாலு நோய்க்காரர் உடம்பில் நுழையவே கூடாது.

அப்படியானால் வலிக்கு என்னதான் செய்வது? பாரசிட்டமாலை அளவோடு சாப்பிடலாம்; ஈரல் நோயோ தினக் குடியோ இருப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே தடவும் மருந்தும் முட்டிக்கு ஓரளவு கேட்கும். எல்லாவற்றையும்விட நின்று பயன் தருவது தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, இறக்குவது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார் என்பது பலருக்குத் தெரியாது. நடக்க முடியாமல் இருப்பவர்கள் ஊரிலுள்ள பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்வார்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’ 2023-இல் வந்தது. சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று ஒரு பட்டையை நனைத்து அங்கேயே பார்த்துவிடுவார்கள். சுகரோ பிரஷரோ இருப்பவர் வருஷத்துக்கு ஒரு முறை இதையும் கிரியாட்டினினையும் பார்த்துவிட வேண்டும். கிரியாட்டினின் ஏறியிருந்தால் மெட்ஃபார்மினைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். வயதானவர்களுக்கு கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அந்த மருந்து வெளியேறாமல் தங்கி, ஒரு தடவை இறங்கிய சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கும்.

பத்தியங்கள் மோதும்போது

ஒரு நோய்க்குச் சொன்ன பத்தியம் இன்னொன்றுக்கு வம்பாகும் இடம் சாப்பாட்டுத் தட்டு. சுகருக்கு, “கீரை, காய், பழம் நிறைய சாப்பிடுங்க” என்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, “பொட்டாசியம் ஏறும், பழத்தையும் இளநீரையும் குறைங்க” என்பார்கள். இதயம் பலவீனமானவரிடம், “தண்ணிய அளந்து குடிங்க” என்பார்கள். சிறுநீரகக் கல் உள்ளவரைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்வார்கள். சுகருக்கு நடக்கணும், முட்டியோ நடக்க விடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருபவர் இரண்டில் ஒன்றுதான் செய்வார்: எதையுமே சாப்பிடாமல் மெலிவார், இல்லையென்றால் எல்லாப் பத்தியத்தையும் தூக்கி எறிந்துவிடுவார்.

மோதல் வந்தால் யார் சொல் முன்னால் நிற்க வேண்டும் என்பதைத் தலைமை இடத்து டாக்டரிடமே கேட்டு ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். பொதுவாக, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று பரிசோதனை சொல்லாதவரை, சிறுநீரகம் ‘கொஞ்சம்’ தளர்ந்திருக்கிறது என்ற ஒரு சொல்லுக்காகக் காய், பழம் எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. இதயம் பலவீனமாகி நீர் கோர்ப்பவருக்குத் தண்ணீர் அளவு டாக்டர் சொன்னதுதான். அவர்கள் தினமும் காலையில் எடை பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். போய்க் காட்ட வேண்டும்.

கோதுமைக்கு நம் ஊரில் மருந்து அந்தஸ்து வந்துவிட்டது. ராத்திரி சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி, கூடவே உருளைக்கிழங்கு குருமா சாப்பிட்டுவிட்டு, “நான் பத்தியமா இருக்கேன்” என்பார்கள். மாவுச்சத்துக் கணக்கில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கேழ்வரகுக்கும் இதே பேச்சுத்தான்: களியாக அளவோடு சாப்பிட்டால் பரவாயில்லை, நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சுகரைச் சீக்கிரம் ஏற்றும். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. இந்தக் கணக்கு அரிசிக்கும் பொருந்தும், கோதுமைக்கும் பொருந்தும், தனிச் சமையலும் வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிப் பத்தியம் என்றால் அதைச் செய்பவர் பெரும்பாலும் மருமகளோ மனைவியோ. ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. எல்லோருக்கும் ஒரே சமையல், அளவில் மட்டும் வித்தியாசம் என்றால் தாங்கும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் ஒளிந்திருப்பதையும் சேர்த்து. இந்துப்பும் உப்புதான், பிரஷருக்கு நல்லது என்று அதிகமாகப் போடாதீர்கள். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். எனாலாப்ரில், லோசார்டன் சாப்பிடுபவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

ஷிஃப்ட், விரதம், கல்யாணம்

மாத்திரைச் சீட்டில் காலை, மதியம், இரவு என்று சூரியன், நிலா படம் இருக்கும். ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறவருக்குக் காலை என்பது தூங்கப் போகிற நேரம். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பாட்டோடு போகிறது. சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் மட்டும் தினம் ஒரே மணிக்குப் போட வேண்டியது, எந்த ஷிஃப்ட் ஆனாலும். ஷிஃப்ட் மாறும் வாரங்களைச் சொல்லி டாக்டரிடம் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற ஒரு நண்பருக்காவது தெரிந்திருக்கட்டும், மிஷின் முன்னால் மயங்கி விழாமல் இருக்க.

ஆடி வெள்ளி, சஷ்டி, ரமலான் நோன்பு, தவக்காலம் எதையும் விட்டுவிடச் சொல்லி இந்தப் புத்தகம் அதட்டாது. விரதத்துக்கு இரண்டு வாரம் முன்னால் டாக்டரிடம் போய், அந்த நாட்களுக்கு எதைக் குறைப்பது என்று கேளுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். இன்சுலின் போடுபவர், சிறுநீரகமோ இதயமோ கெட்டவர், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர் விரதம் இருப்பது ஆபத்து.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பசி பிடுங்கும், பேச்சு குழறும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். பல நோய்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. அட்டனலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் வந்த நாளுக்கென்று தனி விதி உண்டு. உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மின், எனாலாப்ரில் வகை, நீர் மாத்திரை மூன்றையும் வழக்கம்போலச் சாப்பிடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதலாகலாம். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள். இன்சுலினை மட்டும் தானாக முழுசாக நிறுத்தக் கூடாது.

இன்சுலின் வைத்திருக்கும் வீடு

தனியாரில் பேனா இன்சுலின் போட்டுவிட்டு, செலவு தாங்காமல் அரசு மருத்துவமனைக்கு மாறுபவர்கள் ஒரு இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குப்பியில் 40 என்றும் 100 என்றும் இரண்டு வகை உண்டு. 40 குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஊசி வாங்கும்போது குப்பியை மெடிக்கலில் காட்டியே வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் வைக்க முடியாது என்பது சரியில்லை. திறந்த குப்பி குளிர்ச்சியான இடத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். ஒரு மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நிழலில், காற்றோட்டமான மூலையில் வையுங்கள். திறக்காத குப்பிகளை வீட்டில் சேர்த்து வைக்காமல் மாதாமாதம் வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண்.

சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பற்றியும் ஒரு பேச்சு. வரப்பில் செருப்பில்லாமல் நடப்பது மரியாதை, பழக்கம், வசதி எல்லாம்தான். ஆனால் உணர்ச்சி மரத்த கால் முள் குத்தியதைச் சொல்லாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தை விரல் இடுக்கு வரை பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அழகாக இருக்காது, விரலைக் காப்பாற்றும்.

மனசும் பணமும்

நாலு வியாதிக்காரர் ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டால் உடனே திட்டாதீர்கள். தூக்கம் போய், பேச்சு குறைந்து, “இருந்து என்ன ஆகப்போகுது” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். மனச்சோர்வு இந்தப் பட்டியலில் ஐந்தாவது நோயாகவே அடிக்கடி சேர்கிறது, அதற்கும் மருந்து உண்டு. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரோடு தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கே உதவும். மாதா மாதம் குடும்பத்தை அரிப்பது வெளி மருந்துச் செலவு. அரசு ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வாங்க, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மருந்துப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிப் பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் பதில் வரும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், மேல்வயிற்றில் அழுத்தம், காரணமில்லாத மயக்கம் போன்றவற்றை ‘வாயு’ என்று சோடா குடித்து ராத்திரியைக் கடத்தியவர்கள் அநேகம். உடனே 108. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்; ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புவார்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே பக்கத்துக் கிளினிக்கில் டிரிப் ஏற்றி நேரத்தைக் கழிக்காமல், சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். முதல் அறிகுறி எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பதைக் கூடப் போகிறவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று அது.